ஆண்ட்ரூ பெட்ரி: ஃபைஃபிலிருந்து பிரிஸ்பேனுக்கு வந்த கட்டுமானக்காரர்

வேங்கைமரம் எழுதியது:

பிரிஸ்பேனில் வாழும் நம்மவர்களுக்கு பெட்ரி என்ற பெயர் பழக்கமானது. வடக்கே போகும் ரயில் பாதையில் அந்தப் பெயரில் ஒரு நிலையம் இருக்கிறது. நகரின் நடுவே ஆறு வளைந்து திரும்பும் இடத்துக்கு பெட்ரி பைட் என்று பெயர். ஆளுநர்களும் தளபதிகளும் ராணிகளும் தெருப் பலகைகளை நிறைத்திருக்கும் ஊரில், இது கட்டடத் தொழில் செய்து பிழைத்த ஒரு குடும்பத்தின் பெயர். அந்தக் குடும்பத்தின் முதல்வர் ஆண்ட்ரூ பெட்ரியைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை.

அவர் 1798 ஜூன் மாதம் ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் பிறந்தார். இளம் வயதிலேயே எடின்பரோ போய்க் கட்டுமான வேலை பழகினார். ஒரு கட்டடக் கலைஞரிடம் நான்கு ஆண்டுகள் பயிற்சியும் பெற்றார். 1821-இல் மேரி கத்பர்ட்சனை மணந்தார்.

அந்தச் சமயத்தில் ஜான் டன்மோர் லேங் என்ற பிரெஸ்பிட்டீரியன் போதகர் சிட்னியிலிருந்து வந்து ஸ்காட்லாந்தில் ஆள் திரட்டிக்கொண்டிருந்தார். சிட்னியில் ஒரு கல்லூரி எழுப்ப வேண்டும் என்பது அவருடைய கனவு. அங்கே நாடுகடத்தப்பட்ட கைதிகளுக்குப் பஞ்சமில்லை. முறையாகத் தொழில் கற்ற சுதந்திர மனிதர்களுக்குத்தான் பஞ்சம். கல்தச்சர், தச்சர், கொல்லர் என்று தேர்ந்தெடுத்த கைவினைஞர்களை அவர்கள் குடும்பங்களோடு ஸ்டெர்லிங் காசில் என்ற கப்பலில் ஏற்றினார். 1831 அக்டோபர் 13 அன்று அது சிட்னி வந்து சேர்ந்தது. பெட்ரியும் மேரியும் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். மூத்தவன் ஜானுக்கு ஒன்பது வயது. டாம் அந்த ஆண்டு ஜனவரியில் பிறந்த கைக்குழந்தை. இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்கள்.

சிட்னி ஜாமிசன் தெருவில் லேங்கின் கட்டடங்களை பெட்ரி மேற்பார்த்தார். சிறிது காலம் சொந்தமாகத் தொழில் செய்தார். பிறகு அரசாங்க வேலையில் சேர்ந்தார். 1837-இல் மோர்ட்டன் விரிகுடாவுக்கு அனுப்பப்பட்டார். அங்கேயிருந்த பிரிஸ்பேன் அப்போது ஒரு தண்டனைக் குடியிருப்பு, அதாவது கைதிகளை வைத்து வேலை வாங்கிய இடம்.

தொழில் தெரிந்தவர்களும் வரலாறு தெரிந்தவர்களும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பொருநை எழுதியது:

நல்ல தொடக்கம் ஐயா. ஒரு கேள்வி. கப்பல் கட்டணம் யார் கொடுத்தது? லேங் கொடுத்துவிட்டு, வேலை செய்து கழிக்கச் சொன்னார் என்றால் அது கொத்தடிமை முறைதானே? முன்பணம் வாங்கிக் கடல் கடந்துபோன குடும்பங்கள் எத்தனை தலைமுறை சீரழிந்தன என்பது நமக்குத் தெரிந்த கதை.

வேங்கைமரம் எழுதியது:

கேட்க வேண்டிய கேள்வி. லேங் லண்டனில் குடியேற்ற அமைச்சராக இருந்த கோடரிச் பிரபுவிடம் கல்லூரிக்காக 3,500 பவுண்டு கடன் உறுதி பெற்றார். அதில் ஒரு பகுதியை வைத்துத்தான் கப்பல் அமர்த்தினார். வந்தவர்கள் கல்லூரிக் கட்டட வேலையில் கிடைக்கும் கூலியிலிருந்து பயணச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. ஆக, நீங்கள் சொல்வதுபோல் முன்கடன்தான்.

ஆனால் முடிவு வேறாக இருந்ததற்குக் காரணம் உண்டு. முன்கடனோடு வருகிறவனுக்குக் கரையில் வேறு வேலை கிடைக்காது என்றால் அவன் சிக்கிக்கொள்வான். சிட்னியில் நிலைமை தலைகீழ். தேர்ந்த கொத்தனாருக்கும் தச்சருக்கும் போட்டி போட்டுக் கூலி கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். கடனைக் கழித்துவிட்டுப் பலர் சொந்தத் தொழிலுக்குப் போய்விட்டார்கள். பெட்ரியும் அப்படித்தான். கையிலிருந்த தொழிலும், அதற்கு அந்த ஊரில் இருந்த தட்டுப்பாடும் சேர்ந்துதான் அவர்களைக் காப்பாற்றின. ஒப்பந்தத்தின் வாசகம் காப்பாற்றவில்லை.

அந்தக் கப்பலைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று. ஹென்றி கார்மைக்கேல் என்ற ஆசிரியரும் அதில் வந்தார். பயணத்தின்போது அந்தத் தொழிலாளர்களுக்கு வகுப்பு எடுத்தார். கணக்கு மட்டுமல்ல, ஆடம் ஸ்மித்தின் பொருளாதாரச் சிந்தனையும் பாடம். நாலு மாதக் கடல் பயணத்தில் கொத்தனார்களும் தச்சர்களும் உட்கார்ந்து கூலி என்றால் என்ன, விலை என்றால் என்ன என்று விவாதித்திருக்கிறார்கள். 1833-இல் சிட்னியில் தொடங்கிய தொழிலாளர் கல்விக் கழகத்துக்கு வித்து அங்கேதான் விழுந்தது. அந்தக் கழகம் இன்றும் நூலகமாக இயங்குகிறது.

கோவைக் கட்டுநர் எழுதியது:

முப்பது ஆண்டுகளாகக் கட்டட ஒப்பந்த வேலை செய்கிறேன். வரலாறு எனக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது: கட்டுமான வேலையும் பழகினார், கட்டடக் கலைஞரிடமும் நான்கு ஆண்டு இருந்தார்.

எங்கள் தொழிலில் இது அரிது. வரைபடம் படிப்பவருக்குக் கரண்டி பிடிக்கத் தெரியாது. கரண்டி பிடிப்பவருக்கு வரைபடம் பிடிபடாது. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் அவர் எந்தக் காட்டில் போட்டாலும் பிழைப்பார். சாந்து, கல், மரம் ஒவ்வொன்றும் எவ்வளவு வேண்டும், எத்தனை ஆள், எத்தனை நாள் என்று ஒரு தாளில் மதிப்பீடு போட்டு மேலிடத்தை ஒப்புக்கொள்ளவைப்பார். மறுநாள் காலை சாரத்தில் ஏறித் தூக்குக் குண்டு பிடித்து வரிசை சரியா என்றும் பார்ப்பார். தண்டனைக் குடியிருப்பு மாதிரி எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடான இடத்துக்கு அரசு ஏன் இவரைத் தேர்ந்தெடுத்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அங்கே போனதும் என்ன வேலை கொடுத்தார்கள்?

வேங்கைமரம் எழுதியது:

1837 ஆகஸ்டில் ஜேம்ஸ் வாட் என்ற நீராவிக் கப்பலில் குடும்பத்தோடு போனார். அரசுப் பணிகளின் மேற்பார்வையாளர் பதவி. தங்க வீடு இல்லை. பெண் கைதிகளை ஈகிள் ஃபார்முக்கு மாற்றிவிட்டதால் அவர்கள் இருந்த கட்டடம் காலியாகக் கிடந்தது. பெட்ரி குடும்பத்தை அதில்தான் குடிவைத்தார்கள். குவீன் தெருவில் இப்போது பொது அஞ்சலகம் நிற்கும் இடம் அதுதான். அந்த அஞ்சலகத்தை 1871–72-இல் கட்டியவர் மகன் ஜான். பதினைந்து வயதில் எந்த மண்ணில் வந்து படுத்தாரோ, ஐம்பது வயதில் அதே மண்ணில் ஊரின் பெரிய கட்டடத்தை எழுப்பினார்.

பிறகு ஆற்று வளைவருகே வீடு கட்டிக்கொண்டார்கள். பெட்ரி பைட் என்ற பெயர் அப்படி வந்தது.

முதல் வேலைகளில் ஒன்று காற்றாலை. 1828-இல் கைதிகள் கட்டியது. மேட்டின்மேல் உயரமான கோபுரம். தானியம் அரைக்க இறக்கைகள். அந்த இறக்கைகள் ஒழுங்காகச் சுற்றாமல் கிடந்தன. பெட்ரி இயந்திர அமைப்பைப் பழுதுபார்த்து ஓடவைத்தார். விக்ஹாம் டெரஸில் அந்தக் கோபுரம் இன்றும் நிற்கிறது. குயின்ஸ்லாந்தில் எஞ்சியிருக்கும் கைதிகள் காலக் கட்டடங்களில் அதுவே மிகப் பழையது.

நெய்தல் எழுதியது:

காற்றாலை பற்றிச் சொன்னீர்கள். அதன் மறுபாதியையும் சொல்ல வேண்டும்.

அந்தக் கோபுரத்தோடு ஒரு மிதிசக்கரம் இணைக்கப்பட்டிருந்தது. காற்று வராதபோதும் தண்டனை கொடுக்க நினைத்தபோதும் மனிதர்களை அதில் ஏற்றி மிதிக்க வைத்தார்கள். குயின்ஸ்லாந்து வெயிலில், காலில் விலங்கோடு. 1841 ஜூலையில் முல்லன், நிங்காவில் என்ற இரண்டு பழங்குடி மனிதர்களை அந்தக் கோபுரத்திலிருந்தே தூக்கிலிட்டார்கள். நில அளவையர் ஸ்டேபில்டனையும் அவருடைய ஆள் ஒருவரையும் கொன்றதாகக் குற்றச்சாட்டு. ஊரிலிருந்த பழங்குடி மக்கள் பார்த்து நடுங்கட்டும் என்றே அந்த உயரமான இடம்.

பெட்ரி தூக்குப் போட்டார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் மேற்பார்வை பார்த்த வேலையாட்கள் யார்? கசையடிக்குப் பயந்து வேலை செய்தவர்கள். அவர் கட்டிய நிலம் யாருடையது? பிரிஸ்பேன் பகுதிப் பழங்குடியினரான டர்பல் மக்களுடையது, யாரும் விற்காத நிலம். இதைத் தவிர்த்துவிட்டு உழைப்பால் உயர்ந்தவர் என்று எழுதினால் பாதி வாழ்க்கைதான் எழுதியதாக ஆகும்.

கோவைக் கட்டுநர் எழுதியது:

நெய்தல் அம்மா, நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் சம்பளத்துக்குப் போன மேற்பார்வையாளர் ஒருவர் பேரரசின் குற்றத்தைச் சுமக்க வேண்டுமா? அந்தக் கைதிகளை அங்கே அனுப்பியது லண்டன். நிலத்தை எடுத்தது ஆளுநர். இவர் பழுதான சக்கரத்தைச் சரிசெய்தார்.

நெய்தல் எழுதியது:

சுமக்க வேண்டும் என்று கேட்கவில்லை. பதிவில் சேர்க்க வேண்டும் என்று கேட்கிறேன். அவர் கட்டாயத்தில் வந்தவர் இல்லையே. 1842 பிப்ரவரியில் தண்டனைக் குடியிருப்பு மூடப்பட்டு, சுதந்திரக் குடியேற்றத்துக்கு நிலம் திறந்துவிடப்பட்டபோது, அவர் சிட்னிக்குத் திரும்பியிருக்கலாம். தங்கினார். தனியார் கட்டுமானக்காரராகத் தொழில் தொடங்கினார். ஊர் வளர வளர அவருடைய தொழிலும் வளர்ந்தது. ஊர் எதன்மேல் வளர்ந்தது என்பதுதான் என் கேள்வி.

இன்னொரு ஸ்காட்டுக்காரரை ஒப்பிட்டுப் பாருங்கள். ஜேம்ஸ் காலோவே. அவரும் ஃபைஃப்காரர், அவரும் கல்தச்சர். 1850களில் மெல்போர்ன் வந்தார். அங்கே கல்தச்சர்கள் எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடியபோது முன்னணியில் நின்றார். 1856 ஏப்ரல் 21 அன்று மெல்போர்ன் பல்கலைக்கழகக் கட்டட வேலையிலிருந்தவர்கள் உளியை வைத்துவிட்டு ஊர்வலம் போனார்கள். கூலி குறையாமல் எட்டு மணி நேரம் பெற்றார்கள். காலோவே 1860-இல், முப்பதைக் கடந்த சில காலத்திலேயே இறந்துபோனார். ஒரே மண், ஒரே தொழில். ஒருவர் சக தொழிலாளிகளோடு நின்றார். இன்னொருவர் அவர்களை மேற்பார்வை பார்த்தார்.

பொருநை எழுதியது:

இந்த ஒப்பீடு நியாயமானதாக எனக்குப் படவில்லை. 1856 மெல்போர்னில் தங்க வேட்டையால் ஆள் தட்டுப்பாடு. தொழிலாளிகள் கை ஓங்கியிருந்தது. பேரம் பேச முடிந்தது. 1837 மோர்ட்டன் விரிகுடாவில் கொத்தனாருக்கு எதிரே இருந்தது முதலாளி அல்ல, ராணுவத் தளபதி. அங்கே யார் எதை வைத்துப் பேரம் பேச முடியும்?

வேங்கைமரம் எழுதியது:

இருவர் சொல்வதும் இழைக்கு வேண்டும். காலோவேயைக் கொண்டுவந்ததற்கு நன்றி. அந்தக் காலத்தில் புலம்பெயர்ந்த ஸ்காட்டுத் தொழிலாளிகளுக்கு எத்தனை பாதைகள் இருந்தன என்பது அதில் தெரிகிறது.

பெட்ரியின் வாழ்க்கையில் நெய்தல் கேட்கும் கேள்வி கூர்மையாக வந்து நிற்கும் இடம் வேறொன்று இருக்கிறது. புன்யா மரமும் 1842 பயணமும்.

பெட்ரி மரம் தேடி அடிக்கடி காட்டுக்குள் போவார். மேற்கூரைக்கும் கதவுக்கும் படகுக்கும் என்ன மரம் கிடைக்கும் என்று பார்ப்பது அவர் வேலை. அப்படித்தான் பிரிஸ்பேனுக்கு வடக்கே புன்யா மரத்தைப் பார்த்தார், மாதிரிகள் கொண்டுவந்தார். அதைப் பதிவுசெய்த முதல் ஐரோப்பியர் அவர். ஓங்கி வளரும் ஊசியிலை மரம்; ஒரு காய் பத்து கிலோ வரை எடை இருக்கும். அதனுள் இருக்கும் பருப்பு அங்குள்ள மக்களுக்கு வெறும் உணவு அல்ல. ஏறக்குறைய மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அமோகமாகக் காய்க்கும். அப்போது நூற்றுக்கணக்கான கல் தொலைவிலிருந்து பல இனத்தார் மலைக்குக் கூடுவார்கள். விருந்து, திருமணப் பேச்சு, வழக்குத் தீர்ப்பு, புதுப் பாட்டு எல்லாம் அங்கேதான். எந்தெந்த மரம் எந்தக் குடும்பத்துக்கு என்ற உரிமை தந்தை வழியில் இறங்கியது.

இதை அறிந்த ஆளுநர் கிப்ஸ் 1842 ஏப்ரலில் ஒரு பிரகடனம் வெளியிட்டார். புன்யா வளரும் நிலத்தில் மேய்ச்சல் உரிமமும் மரம் வெட்டும் உரிமமும் கிடையாது. குடியேற்ற அரசு ஒன்று பழங்குடி மக்களின் உணவு மரத்துக்காக நிலத்தைத் தடுத்து வைத்தது பெரிய விஷயம். ஆனால் 1860-இல், குயின்ஸ்லாந்து நியூ சவுத் வேல்ஸிலிருந்து பிரிந்து தனிக் குடியேற்றமான உடனேயே, அந்தப் பாதுகாப்பு எடுக்கப்பட்டுவிட்டது. பிறகு கோடாரிகள் நுழைந்தன.

முதலில் சிலர் அந்த மரத்தை பெட்ரியின் பெயரால் அழைத்தார்கள். 1843-இல் ஜான் பிட்வில் மாதிரிகளை லண்டனுக்கு எடுத்துச் சென்றார். தாவரவியலாளர் ஹூக்கர் பிட்வில் பெயரையே சூட்டினார். மகன் டாமுக்கு இது கடைசி வரை மனக்குறை.

கல்தச்சன்மகள் எழுதியது:

மனக்குறைப்பட வேண்டியவர்கள் பெட்ரி குடும்பத்தாரா? அந்த மரத்துக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பெயர் இருந்ததே!

வேங்கைமரம் எழுதியது:

உண்மை. புன்யா என்ற மக்கள் பெயரே இன்று எல்லோர் வாயிலும் நிற்கிறது என்பது ஆறுதல்.

1842 மே மாதப் பயணத்துக்கு வருகிறேன். பெட்ரி, ஹென்றி ஸ்டூவர்ட் ரஸ்ஸல், இன்னும் சிலர், கைதிப் படகோட்டிகள், பழங்குடித் துணைவர்கள் ஆகியோர் ஒரு படகில் கடலோரமாக வடக்கே போனார்கள். மேய்ச்சல் நிலம் தேடினார்கள், மரமும் தேடினார்கள். இன்று மேரி ஆறு என்று அழைக்கப்படும் ஆற்றுக்குள் போய்வந்தார்கள்.

வழியில் இரண்டு பேரை மீட்டார்கள். மீட்டார்கள் என்பதே சரியான சொல்தானா என்று தெரியவில்லை, ஏனென்றால் இருவரும் தண்டனைக் குடியிருப்பிலிருந்து ஓடிப்போய்ப் பழங்குடி மக்களோடு வாழ்ந்தவர்கள். ஒருவர் டேவிட் பிரேஸ்வெல். மற்றவர் ஜேம்ஸ் டேவிஸ், கிளாஸ்கோக்காரர், கொல்லன் தொழில் பழகியவர். 1829-இல் ஓடினார். செத்துப்போன தன் மகன் டூரம்பாய் திரும்பி வந்துவிட்டான் என்று ஒரு பெரியவர் அவரை ஏற்றுக்கொண்டார். பதின்மூன்று ஆண்டுகள் டூரம்பாயாகவே வாழ்ந்தார். பெட்ரியின் குழு கண்டபோது ஆங்கிலம் அவர் நாக்கில் தடுமாறியது. ஒரு ஸ்காட்டுத் தொழிலாளி இன்னொரு ஸ்காட்டுத் தொழிலாளியை அந்தக் காட்டில் சந்திக்கிறார். ஒருவர் பதவியோடு, மற்றவர் உடலில் குலத் தழும்புகளோடு. இந்தப் பயணத்தில் என்னை மிகவும் உலுக்கும் இடம் இது.

இன்னொரு செய்தி. பெட்ரியைக் கொண்டுவந்த அதே ஸ்டெர்லிங் காசில் கப்பல் 1836-இல் குயின்ஸ்லாந்துக் கடலில் பவளப்பாறையில் மோதி உடைந்தது. மாலுமித் தலைவர் ஜேம்ஸ் ஃப்ரேசர் இறந்தார். மனைவி எலைசா பிழைத்தார். எலைசாவை அழைத்துவந்தது தானே என்று பிரேஸ்வெல் இந்தப் பயணத்தில் சொன்னார். ஆனால் அரசு ஆவணங்களில் மீட்டவராக இருப்பவர் ஜான் கிரகாம் என்ற வேறொரு கைதி.

நெய்தல் எழுதியது:

அந்தப் பயணத்தில் கேட்ட செய்தியில் முக்கியமானதை நான் எழுதுகிறேன்.

கில்காய் மேய்ச்சல் பண்ணையில் மாவில் நஞ்சு கலந்து பழங்குடி மக்களுக்குக் கொடுத்தார்கள். 1842 தொடக்கத்தில். பலர் துடித்துச் செத்தார்கள். டேவிஸும் பிரேஸ்வெல்லும் மக்களோடு மக்களாக வாழ்ந்ததால் அதைக் கேள்விப்பட்டிருந்தார்கள். மலையில் கூடிய இனங்கள் பழிவாங்கச் சபதம் செய்ததையும் சொன்னார்கள். நில ஆணையர் ஸ்டீபன் சிம்ப்சன் அவர்களுடைய வாக்குமூலத்தைப் பதிவுசெய்து மேலிடத்துக்கு அனுப்பினார். யாரும் தண்டிக்கப்படவில்லை.

அந்தப் பண்ணையை வைத்திருந்ததும் ஸ்காட்டுக் குடும்பம்தான். கப்பலில் ஆடம் ஸ்மித் படித்தவர்களும் ஸ்காட்டுக்காரர்கள், நஞ்சு மாவு கொடுத்த பண்ணையும் ஸ்காட்டுக்காரர்களுடையது. ஓடிப்போய் இன்னொரு தந்தைக்கு மகனானவரும் ஸ்காட்டுக்காரர். புலம்பெயர்ந்த ஸ்காட்டுக்காரர் என்று ஒரே ஓவியம் வரைய முடியாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பெட்ரியின் பயணத்துக்குப் பின்னால் மந்தைகள் வடக்கே போயின. வழி கண்டுபிடித்தவருக்கு அந்த வழியில் நடந்ததோடு தொடர்பு இல்லை என்று சொல்ல முடியாது.

கோவைக் கட்டுநர் எழுதியது:

இதைப் படித்தபின் நேற்று முழுவதும் பதில் எழுதவில்லை. நஞ்சு மாவுச் செய்தி எனக்குப் புதிது. நீங்கள் சொல்வது சரி, சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

இருந்தாலும் அந்த மனிதரின் தொழிலைப் பற்றி இன்னும் கேட்க ஆசை. என்ன கல், என்ன சுண்ணாம்பு?

வேங்கைமரம் எழுதியது:

கல் உள்ளூர்க் கல்தான். எரிமலைச் சாம்பல் இறுகி உண்டானது. இளஞ்சிவப்பு, மஞ்சள், பச்சை கலந்த நிறம். கங்காரு பாயிண்ட் பாறைச் சரிவிலிருந்து கைதிகள் வெட்டி எடுத்தார்கள். சுண்ணாம்புக்கு விரிகுடாவின் சிப்பி ஓடுகளைச் சுட்டார்கள். மரத்துக்குச் செந்நிற சீடார், ஹூப் பைன், கனமான வேலைக்கு அயர்ன்பார்க்.

கோவைக் கட்டுநர் எழுதியது:

கிளிஞ்சல் சுண்ணாம்பு! என் தாத்தா காலம்வரை நம் கடலோர ஊர்களில் அதுதான். சுட்டு, நீற்றி, மணலோடு அரைத்துப் புளிக்கவிட்டால் சிமெண்ட் வராத இடத்திலும் சுவர் நூறு ஆண்டு நிற்கும். ஸ்காட்லாந்தில் பழகியவருக்கு இது புதிதாக இருந்திருக்கும். ஈரப்பதம், வெயில், சாந்து காயும் வேகம் எல்லாமே வேறு. ஊருக்கு ஏற்பக் கலவை மாற்றத் தெரியாதவன் சுவர் முதல் மழைக்கே பொரிந்துவிடும்.

வேங்கைமரம் எழுதியது:

பெட்ரியின் கட்டடங்களில் இன்னும் நிற்பவற்றைச் சொல்கிறேன். 1846-இல் பேட்ரிக் லெஸ்லிக்காகக் கட்டிய நியூஸ்டெட் இல்லம். பின்னால் வந்தவர்கள் விரிவாக்கினாலும் பிரிஸ்பேனில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய குடியிருப்பு வீடு அது. அடுத்து, மருத்துவர் ஹாப்ஸுக்காகக் கட்டிய அடிலெய்டு இல்லம். 1853 வாக்கில் எழுந்தது. 1859 டிசம்பர் 10 அன்று குயின்ஸ்லாந்து தனிக் குடியேற்றம் என்ற பிரகடனம் அந்த வீட்டு மாடி முகப்பிலிருந்துதான் வாசிக்கப்பட்டது. இப்போது ஆங்கிலிக்கன் பேராலய வளாகத்தில் இருக்கிறது.

இந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவே பெட்ரிக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். 1848-இல் அவர் பார்வை போய்விட்டது. கண் அழற்சி. சிகிச்சை பலன் தரவில்லை. அவருக்கு வயது ஐம்பது. அதன் பிறகு இறக்கும்வரை இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருட்டு. ஆனாலும் தொழிலை விடவில்லை. ஜான் கண்ணாக இருந்தார், இவர் தலைமையில் இருந்தார். அடிலெய்டு இல்லம் எழுந்தபோது பெட்ரிக்கு அதன் ஒரு கல்லும் தெரிந்திருக்காது.

கோவைக் கட்டுநர் எழுதியது:

தெரிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். பூச்சில் மேடு பள்ளம் இருந்தால் உள்ளங்கையை வைத்துத் தேய்த்தாலே போதும், ரசமட்டம் தேவையில்லை. கல்லைச் சுத்தியலால் தட்டினால் விரிசல் உள்ளதா என்பது ஒலியில் கேட்கும். சாந்தை இரண்டு விரலில் எடுத்தால் மணல் கூடுதலா என்று சொல்லிவிடலாம். என்னுடன் வேலை செய்த பெரிய மேஸ்திரி ஒருவருக்கு வயதான காலத்தில் பார்வை மங்கிவிட்டது. அவரைச் சுவர் ஓரமாக நடக்கவைத்துவிட்டு இளையவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

கல்தச்சன்மகள் எழுதியது:

மேரியைப் பற்றி யாரும் எழுதவில்லையே? பத்துப் பிள்ளைகள். ஒன்பது மகன், ஒரு மகள். தண்டனைக் குடியிருப்பில் கசையடிச் சத்தத்துக்கு நடுவே வளர்த்தார். கணவர் பார்வை இழந்தபின் அந்த வீட்டின் பாரம் யார் தோளில் விழுந்திருக்கும்? ஆண்களின் கட்டடங்களுக்குக் கல்வெட்டு இருக்கிறது. கட்டுமானக் குடும்பத்தில் பிறந்தவள் என்பதால் சொல்கிறேன்: வேலையாட்களுக்குச் சோறு, கூலிக் கணக்கு, கடன் கேட்டு வருகிறவரிடம் பேச்சு எல்லாம் என் அம்மா பார்த்தார். அப்பா பெயர்தான் பலகையில் இருந்தது.

பொருநை எழுதியது:

முழுமனதோடு வழிமொழிகிறேன். டாமைப் பற்றியும் எழுதுங்கள் ஐயா.

வேங்கைமரம் எழுதியது:

டாம் பெட்ரி ஆறு வயதில் பிரிஸ்பேன் வந்தவர். விளையாடக் கிடைத்தவர்கள் டர்பல் பிள்ளைகள். அவர்கள் மொழியைத் தாய்மொழிபோலப் பேசினார். பதினான்கு வயதளவில் அவர்களோடு நடந்துபோய்ப் புன்யா விழாவில் கலந்துகொண்டார். நூறு பேருக்கு நடுவில் ஒரே வெள்ளைச் சிறுவன், யாரும் தொடவில்லை. 1859-இல் வடக்கே முர்ரம்பாவில் பண்ணை அமைத்தார். அந்த இடத்துக்கு அவரை அழைத்துப் போனவர் தலாய்ப்பி என்ற டர்பல் பெரியவர். முதியவரான டாம் சொல்லச் சொல்ல, மகள் எழுதி 1904-இல் நூலாக வந்தது. பிரிஸ்பேன் பகுதி மக்களின் சொற்கள், பாடல்கள், சடங்குகள், உணவுமுறை பற்றி இன்று தெரிந்தவற்றில் பெரும்பகுதி அதிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. ரயில் நிலையத்தின் பெயர் இந்த டாம் நினைவாக வைத்தது.

நெய்தல் கேட்ட கேள்விக்கு நான் தரக்கூடிய பதில் இது மட்டுமே: அந்தக் குடும்பம் நிலத்தில் பங்கு எடுத்தது, நடந்ததைக் கேட்டவர்களாகவும் இருந்தது, கேட்டதைச் சொல்லியும் வைத்தது. கில்காய் பற்றியும் கசையடி பற்றியும் அந்த நூல் மூடி மறைக்கவில்லை. காற்றாலை முன்னால் வைத்திருக்கும் பலகையில் இரண்டு பக்கமும் எழுதப்பட வேண்டும் என்பது என் விருப்பம். கட்டிய கைதிகள், தூக்கில் தொங்கிய இருவர், இயந்திரத்தைச் சரிசெய்த பெட்ரி, மூன்று தரப்பின் பெயரும்.

நெய்தல் எழுதியது:

பலகை பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். முல்லன், நிங்காவில் பெயர்கள் முதலில் வர வேண்டும் என்பது என் பக்கம்.

பொருநை எழுதியது:

ஜானின் தொழில் பின்னால் என்ன ஆயிற்று? டேவிஸ் திரும்பி வந்தபின் என்ன செய்தார்?

வேங்கைமரம் எழுதியது:

ஜான் 1859-இல் பிரிஸ்பேனின் முதல் மேயரானார். அவர் நிறுவனம் முதல் நகர மண்டபத்தையும், அஞ்சலகத்தையும், 1886–89-இல் ஆற்றங்கரைச் சுங்க மாளிகையையும் கட்டியது. ஆண்ட்ரூ 1872 பிப்ரவரியில் காலமானார், ஜான் 1892-இல். அடுத்துத் தொழிலை எடுத்தவர் ஜானின் மகன் ஆண்ட்ரூ லேங் பெட்ரி. கப்பல் ஏற்றிய போதகரின் பெயர் பேரனுக்கு வைக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். 1890களின் பொருளாதார வீழ்ச்சியில் கட்டுமானத் தொழில் நொடித்தது. நினைவுக்கல் செதுக்கும் வேலை மட்டும் தூவாங் கல்லறைத் தோட்டத்தருகே தொடர்ந்தது.

டேவிஸ் பழைய தொழிலுக்கே போனார். கங்காரு பாயிண்டில் கொல்லுப்பட்டறை போட்டார். பிறகு ஜார்ஜ் தெருவில் பாத்திரக் கடை வைத்தார். காட்டு வாழ்க்கை பற்றி யார் கேட்டாலும் பெரும்பாலும் வாய் திறக்க மாட்டார். 1889-இல் இறந்தார். அவரைப் பற்றித் தனி இழை தொடங்குகிறேன். டூரம்பாய் பற்றிய கேள்விகளை அங்கே எழுதுங்கள்.